கட்டைவிரலில் மை படாத நாள்

உங்கள் பிரிவில் மூன்றாவது கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். போன வாரம் நான் அச்சகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர், "ஐயா, இது ரொம்ப அழுக்காயிருச்சு, புதுசா அடிச்சு ஒட்டிருவோமா?" என்று அன்போடுதான் கேட்டார். அட்டையில் ஏழெட்டுக் குறிகள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கீழ் மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம் இருக்கிறது. குறிகளை எத்தனை புது அட்டையில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அந்த விரலைத் திரும்ப அடிக்க முடியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் இறுகிவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்ற அவசரத்தில் அன்று பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஈய எழுத்துக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன், பயப்பட வேண்டாம். நான் சொல்லப்போவது நீங்கள் இன்று பயன்படுத்தும் அதே மென்பொருளில், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த தவறு. அப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அந்த அட்டை என் மூக்குக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது.

நம்முடைய பக்கம் கோர்க்கும் மென்பொருளுக்குச் சில குறிகள் சொந்தம் என்பது உங்களுக்கும் முதல் நாளே சொல்லப்பட்டிருக்கும். \ என்ற பின்சாய்கோட்டைக் கண்டால், இனி வருவது கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். சதவீதக் குறியைக் கண்டால், இங்கிருந்து வரி முடியும் வரைக்கும் இந்த ஆள் தனக்கே எழுதி வைத்த குறிப்பு, அச்சிட வேண்டாம் என்று மிச்சத்தைப் பேசாமல் விட்டுவிடும். அச்சில் அந்தக் குறியே வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, "இது உனக்கல்ல, வாசிப்பவருக்கு" என்று சொல்ல வேண்டும். பேராதனையில் கணிதம் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர் தன்னுடைய புத்தகத்தை நம்மிடம் அச்சிடக் கொண்டுவந்தபோது எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தார். அட்டையை எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

அவர் சொல்லித் தந்த இன்னொன்று, பக்கத்துக்குள்ளேயே சிறு நிரல் எழுதுவது. "இந்தப் பட்டியலைத் திற, வரி வரியாக எடு, இந்த இடத்தில் கொண்டுபோய் வை" என்று எழுதிவிட்டால், கையால் தட்டச்சு செய்து சாக வேண்டியதில்லை. ஆனால் நிரலுக்கு ஒரு சட்டம், பக்கத்துக்கு வேறு சட்டம். என்னுடைய முதல் நிரலில், புது வரி தொடங்கு என்று சொல்வதற்காக ஒரு பின்சாய்கோடு போட்டேன். நிரலுக்குப் போய்ச் சேரும் முன்னமே பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று சண்டைக்கு வந்தது. திரை முழுக்கப் பிழைச் செய்தி. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். விரிவுரையாளர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, நிரலைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி வைத்தால் பக்கம் அதில் கை வைக்காது. அதோடு சண்டை நின்றது.

அந்தச் சண்டையைக் குரைக்கிற நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கடிக்கவில்லை. இனி இந்தக் குறிகளால் எனக்குத் தொல்லை வராது என்ற நினைப்பை மட்டும் எனக்குத் தந்துவிட்டுப் போனது. நிரல் திருப்பி அனுப்பும் எழுத்துகளையும் பக்கம் தன்னுடைய சட்டப்படிதான் வாசிக்கும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. போகிற வாசலைப் பூட்டிவிட்டு, வருகிற வாசலைத் திறந்து போட்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஒரு தொண்டு அமைப்புக்கு நாம் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தாளின் ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். எல்லாப் பிரசுரமும் ஒரே அமைப்பில் இருப்பதால், அறிவுரைகளைப் பட்டியலில் இருந்து எடுத்து வைக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். அந்த முறை வந்தது சிரங்கு மருந்துக்கான தாள். கெலிஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளில் சிரங்கு லயம் லயமாகப் பரவிக்கொண்டிருந்தது. முகாமில் வெள்ளை மருந்து ஒரு போத்தலும் இந்தத் தாளும் வீட்டுக்கு வீடு கொடுக்க ஏற்பாடு.

தமிழ்ப் பட்டியலில் நான்காவது அறிவுரை இது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் பூச வேண்டும். மருந்தின் வலு நூற்றுக்கு இருபத்தைந்து வீதம். குழந்தைகளுக்கு அப்படியே பூசக் கூடாது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூசவே கூடாது, முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் ஒரே வரியில் இருந்தது. முகாமை நடத்திய தாதி புரூப்பைச் சொல் சொல்லாக வாசித்துக் கையெழுத்து வைத்தார். தமிழ் மூன்று வரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நம் வேலையில் அது புதிதல்ல. சிங்களம் அடங்கும் இடத்தில் தமிழ் ஒருநாளும் அடங்காது.

"எப்படியாவது ஒரே பக்கத்துல கொண்டுவாங்க. ஆனா ஒரு விஷயமும் வெட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எதையும் வெட்டவில்லை. பட்டியலில் அங்கங்கே ஒரு சொல்லைச் சுருக்கினேன். "நூற்றுக்கு இருபத்தைந்து வீதம்" என்பதை 25% என்று மாற்றினேன். நிரலை ஓட்டினேன். தமிழ் அடங்கிவிட்டது. அடங்கியது மட்டுமல்ல, அடியில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக மிச்சமும் இருந்தது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. சிங்களத்தில் வீதத்தைச் சொல்லாலேயே எழுதியிருந்ததால் அந்தப் பக்கத்துக்கு ஒரு கேடும் வரவில்லை. தமிழில் "மருந்தின் வலு 25" என்பதோடு வரி முடிந்து, அடுத்தது ஐந்தாவது அறிவுரை.

நாலு சொல்லைச் சுருக்கினால் இத்தனை வரி எப்படி மிச்சமாகும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கையெழுத்து வைத்த புரூப்பில் கை வைத்தால் திரும்ப ஒரு முறை காட்ட வேண்டும் என்பது நம் அச்சகத்தின் வழக்கம். ஒரு குறியைத்தானே மாற்றினேன் என்று அதையும் விட்டுவிட்டேன். அச்சுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு மடிக்கும் மேசையில் தாள்கள் வந்துவிட்டன. அந்த மேசைக்கு ஒரு அக்கா பொறுப்பு. பிலிமத்தலாவைப் பக்கத்தில் இருந்து வருபவர், சிங்களவர். இருபது வருடத்துக்கு மேல் மடித்த கை அவருடையது. தமிழ் கொஞ்சம் பேசுவார், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. மடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மல்லி" என்றார். தம்பியை அவர் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவார். "தமிழ் இன்னைக்கி கட்டை. ஏன்?"

"நான் நல்லா அடக்கியிருக்கேன் அக்கா" என்றேன், தலையைத் திருப்பாமல்.

"தமிழ் எப்பவும் கட்டை இல்லயே."

"அக்கா, உங்களுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாதே" என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் விட அதுதான் உறுத்துகிறது. ஏனென்றால் அப்போது தாள்கள் எல்லாம் அச்சகத்துக்குள்ளேயே இருந்தன. ஒன்பது மணிக்கு முகாம் வேன் வந்து, மடித்து முடிந்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தை மத்தியானம் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்து மணிவாக்கில் முதலாளியின் சத்தம் கேட்டது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் சொல்வோம். சத்தம் போடுகிற மனிதர் அல்ல.

"என்ன மகன் இது? அந்தப் பொம்புள மடிக்க மாட்டேங்குது. உங்ககிட்ட கேக்கச் சொல்லுது."

போய்ப் பார்த்தேன். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தாள் குவிந்து கிடந்தது. இத்தனை வருடத்தில் அவர் வேலையை நிறுத்தி நான் பார்த்ததில்லை. வேலை செய்கிறவர் மேசையில் கை கட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மத்தியானம் வேன் வந்து வெறுங்கையோடு போனால் பழி முழுக்க அவர் தலையில் விழும்.

"மல்லி, நீங்க சிரிச்சா சிரிங்க" என்றார். "எனக்கு பாஷை தெரியாது. பேப்பர் தெரியும். இங்க பாருங்க." வலது கையின் கட்டைவிரலை நீட்டினார். சுத்தமாக இருந்தது.

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்டினார். கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் மடிப்பார். தமிழ்ப் பக்கம் எப்போதும் அடிவரைக்கும் எழுத்தாக இருக்கும். மை முழுதாகக் காயாத தாள் என்றால் பத்துப் பதினைந்து மடிப்பதற்குள் விரல் கறுத்துவிடும். சிங்களப் பக்கத்தில் அடியில் இடம் இருப்பதால் அந்தப் பக்கம் படும் விரல்கள் கறுக்காது.

"இத்தன வருஷம் தமிழ் மடிச்சு கை கறுக்காம வீட்டுக்குப் போனதில்ல" என்றார். "இன்னைக்கி கறுக்கல. ஏதோ விழுந்துபோச்சு மல்லி. என்னமோ விழுந்துபோச்சு."

அப்போதுதான் கையெழுத்து வைத்த புரூப்பை எடுத்துவந்து, அச்சான தாளோடு வரி வரியாக வைத்துப் பார்த்தேன். நான்காவது அறிவுரையில் கண் போய் நின்றது. 25. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. குழந்தை இல்லை, தண்ணீர் இல்லை, இரண்டு வயது இல்லை. உடம்பு முழுவதும் பூசவும் என்பது மட்டும் பத்திரமாக இருந்தது. நிமிர்ந்து அட்டையைப் பார்த்தேன். சதவீதக் குறியை விரிவுரையாளர் மற்றக் குறிகளை விடப் பெரிதாகத்தான் எழுதியிருந்தார்.

ஹாஜியாரிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா எட்டரை மணிக்கே சொன்னதையும், நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெளிய போனது எங்க ஈக்கிது?"

"தோட்டத்துல. முகாம் பத்து மணிக்கு ஆரம்பிச்சிருக்கும்."

தாதிக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்த மலையில் சிக்னல் கிடைக்காது. மூன்று முறை எடுத்தும் மணி அடிக்கவில்லை.

"அப்ப நீங்க போங்க மகன். இங்க அச்ச நான் பாக்குறன்."

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும், அரை நிமிட வேலை. திருத்தி ஒரு தாளை அடித்துக் கையோடு கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். விரலை விசைப்பலகையில் வைத்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் இத்தனை வருட வேலையில் எடுத்த ஒரே நல்ல முடிவு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். விரலை எடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துதான் இந்த நிலைமை, நடுங்குகிற கையோடு இன்னொரு கெட்டிக்காரத்தனம் வேண்டாம் என்று பட்டது. தாதி வாசித்துக் கையெழுத்து வைத்த புரூப் இருந்தது. அதில் எல்லாம் இருந்தது. வெளியே தள்ளிய மூன்று வரியும் அடுத்த தாளில் இருந்தன. இரண்டு தாளையும் போட்டோகொப்பி எடுத்து ஒரு கட்டாகக் கட்டினேன். மறு அச்சுக்கும் அந்தப் புரூப்பில் உள்ளபடியே சொல்லுக்குச் சொல் வைத்து, எழுத்தை மட்டும் சிறிதாக்கி, இரண்டு பேர் உட்கார்ந்து சத்தமாக வாசித்து ஒப்பிட்ட பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு த்ரீவீலில் ஏறினேன்.

கண்டி நகரத்துக்குள் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வாகனம் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இறங்கி ஓடலாமா என்றுகூட யோசித்தேன். பேராதனை தாண்டி, கெலிஓயாவில் திரும்பி, மலை ஏறும்போது ஒரே ஒரு நினைப்புதான். எந்தப் பிள்ளைக்கோ அந்த நேரம் பூசிக்கொண்டிருப்பார்களோ? அந்த மருந்து பெரியவர்களுக்கே எரியும்.

முகாம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்தது. கூட்டம் வெளியே வரைக்கும் நின்றது. தாதியிடம் போய் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"கூட்டம் ஜாஸ்தின்னு நான் யாருக்கும் வாயால சொல்லலையே. எல்லாம் பேப்பர்ல இருக்கு, வாசிச்சுப் பாத்துப் பூசுங்கன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்."

"மிஸ், ஒரு கதிரை குடுங்க" என்றேன்.

கூட்டத்தில் பேசிப் பழகியவன் அல்ல நான். கதிரையில் ஏறி நின்று, தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பேப்பர அடிச்சது நான்தான். இதுல முக்கியமான சங்கதி விட்டுப்போச்சு. பிழை என்னோடது, மிஸ்ஸோடது இல்ல. பேப்பர எல்லாரும் திருப்பிக் குடுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு யாரும் இன்னும் பூசாதீங்க" என்று கத்தினேன்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "அச்சடிச்சவரே மலை ஏறி வந்து தப்புன்னு சொல்றத இன்னைக்கித்தாங்க பாக்குறேன்" என்றார். சிரிப்பு எழும்பியது. என்னைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தாலும் எனக்குத் தகும் என்று இருந்தது. பெண்கள் தாளை நீட்ட ஆரம்பித்தார்கள். தாதி இப்போது ஒவ்வொருவருக்கும் வாயாலும் சொல்லி, போட்டோகொப்பியைக் கொடுத்தார். ஏற்கனவே வாங்கிப் போனவர்களைக் கூப்பிட அந்தப் பெண்களே ஆள் அனுப்பினார்கள். அரை மணிக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் வரவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போன இளம் தாய். தாதி பெயர் பதிந்த கொப்பியைப் பார்த்துவிட்டு, "கைப்பிள்ளை வச்சிருக்கு. ஏழு மாசம்" என்றார்.

நானும் தாதியும் ஏறினோம். படிக்கட்டு மாதிரி வெட்டிய பாதை. எனக்கு மூச்சு முட்டியது, ஆனாலும் நிற்கவில்லை. லயத்து வாசலில் அந்தப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில் போத்தல் இருந்தது. அதன் அடியில், காற்றில் பறக்காமல், நான் அடித்த தாள்.

"பூசிட்டியாம்மா?" என்று தாதி கேட்டார்.

"இல்லைங்க மிஸ். வெந்நி வாத்துத் தொடச்சதும் புள்ள தூங்கிருச்சு. தூங்குற புள்ளைய என்னத்துக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன். எந்திரிச்சதும் பூசணும். ஒடம்பு பூரா தானே?"

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தாதிதான், "இந்தப் புள்ளைக்குப் பூசவே கூடாதும்மா, தூக்கிட்டு வா, வேற மருந்து தாறேன்" என்று சொன்னார்.

"பேப்பர்ல அப்படி இல்லையே" என்றார் அந்தப் பெண். வாசிக்கத் தெரிந்தவர். நான் அச்சிட்டதை நம்பி வாசித்தவர்.

"பேப்பர் பிழைம்மா. நான்தான் பிழையா அடிச்சேன்" என்றேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். "நல்லவேளை வந்து சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. அந்த நன்றியில் ஒரு துளியும் எனக்குச் சொந்தமில்லை. உள்ளே ஏணைத் தொட்டிலில் அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்துக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன். பிள்ளை கொஞ்சம் அடம்பிடித்து விழித்திருந்தால், எட்டரை மணிக்கு நான் வீணாக்கிய அந்த நேரத்தை யாராலும் எனக்குத் திருப்பித் தந்திருக்க முடியாது.

நான் அச்சகத்துக்குத் திரும்பும்போது நாலு மணி. மறு அச்சு முடிந்து, அக்கா மடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக மூன்றரை பஸ்ஸுக்குப் போகிறவர். ஹாஜியார் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு தானும் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு கோணலாகத்தான் இருந்தது. அக்கா அதை வாங்கி வாங்கிச் சரி செய்துகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல அக்கா. ஒரு கைப்பிள்ள இருந்துச்சு. நாங்க போறப்ப தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பூசல."

"அனே" என்று, ஐயோ என்பதை அவர் பாஷையில் சொல்லி, நெஞ்சில் கை வைத்தார். கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"காலையில சிரிச்சதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன். "நீங்க ஒரு தரம் சொல்லிட்டு விட்டிருந்தா..."

"ஒரு தரம் சொல்லிட்டு விட்டேன்தான்" என்றார். "ஒரு மணித்தியாலம் மடிச்சேன். கை சுத்தமாவே இருக்கு. பயம் வந்துருச்சு. அதான் திரும்பச் சொன்னேன்."

வேலையில் தப்பைக் கண்டு ஒரு தரம் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சொல்லி, சிரிப்பு வாங்கி, வேலையே போனாலும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் தரம் சொல்கிறவர் ஒருவர் கிடைத்தால், அது உங்கள் அதிர்ஷ்டம். அவர் எந்த மேசையில் இருக்கிறார், என்ன படித்திருக்கிறார், உங்கள் பாஷை அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் பார்க்காதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். நான் எழுந்து போகாததுதான் என் தவறு. சதவீதக் குறி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

நிரலை மறுநாள் காலையில், கை நடுங்காமல், திருத்தினேன். பட்டியலில் இருந்து வரும் எதையும் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள், அதில் உன் குறி எதையும் தேடாதே என்று பக்கத்துக்குச் சொல்லும்படி எழுதினேன். நீங்கள் இன்று பயன்படுத்துவதும் அதுதான். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். அன்று முதல் அக்கா ஓய்வுபெறும் வரை, தமிழ் வேலை எதுவானாலும் முதல் தாளை அவர் மேசையில்தான் வைத்தோம். வாசிக்கத் தெரியாத அவர் கீழ் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். ஹாஜியார் போட்ட சட்டம் அது.

அட்டைக்கு வருகிறேன். அன்று சாயந்தரம் கடைசிக் கட்டையும் மடித்துவிட்டு அக்கா எழுந்தார். நான் கணினிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கு மல்லி?"

"மறக்கக் கூடாததெல்லாம் எழுதியிருக்கு அக்கா. நான்தான் மறந்துட்டேன்."

அவர் அட்டையை மேலும் கீழும் பார்த்தார். ஒரு குறியும் அவருக்கு விளங்கவில்லை. அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. தன்னுடைய வலது கட்டைவிரலைப் பார்த்தார். நன்றாகக் கறுத்திருந்தது. சிரித்துக்கொண்டே அதை அந்த இடத்தில் அழுத்தி எடுத்தார்.

"இப்பத்தான் தமிழ் முழுசா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவாமலே பஸ்ஸுக்குப் போனார்.